மூன்றாம் நாள் தலையைத் தூக்கச் சொல்லுங்கள்!

(பெரம்பலூர் வட்டார விவசாயத் தொழிலாளர்களும் அரியலூர் சிமெண்ட் ஆலைத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில், ஓய்வு பெற்ற அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் ஆற்றிய உரை.)



கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசுகிற மேடையில் ஒரு நர்ஸுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நான் 32 ஆண்டுகள் நர்ஸ் வேலை பார்த்தவள். அதில் கடைசி 14 ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில். ஐ.சி.யூ. என்று நீங்கள் சொல்கிறீர்களே, அந்த இடம். ஒரு கண்ணாடிக் கதவு இருக்கும். அதற்கு வெளியே வராந்தாவில் துண்டை விரித்து நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்கு யாரும் சொல்வதில்லை. “சீரியஸ்” என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். அதோடு சரி.

இன்றைக்கு அந்தக் கதவைத் திறந்து உள்ளே காட்டலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

அந்தக் கட்டில்களுக்கு வருகிறவர்கள் யார்? நான் பார்த்தவரையில் பெரும்பாலும் நம்மவர்கள்தான். பருத்திக்கு மருந்தடித்தவர். கட்டுவிரியன் கடித்தவர். சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்ட சைக்கிள்காரர். பிரசவத்தில் ரத்தம் போன கூலிக்காரப் பெண். எல்லாரைப் பற்றியும் பேச நேரமில்லை. மருந்தடித்தவரைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஏனென்றால் நாளைக் காலையில் உங்களில் எத்தனையோ பேர் அந்த டேங்கை முதுகில் மாட்டப் போகிறீர்கள்.

மருந்து என்கிறோம்! விஷத்துக்கு மருந்து என்று பேர் வைத்தவனை என்ன சொல்வது?

2017-ம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருஷம் இந்தப் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் சிலர் செத்தே போனார்கள். இன்னும் பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதே வருஷம் மகாராஷ்டிரத்தில் யவத்மால் மாவட்டத்தில் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் படுத்தார்கள். அங்கே பருத்திச் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. தெளிக்கிற மருந்து முகத்துக்கு நேரே வந்தது. அடுத்த வருஷமே, 2018-ல், மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தது. மறுபடியும் டேங்க், மறுபடியும் மருந்து. 1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் பாதுகாப்பு உடை, சுவாச முகமூடி, முதலுதவி மருந்து, பயிற்சி எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. காட்டில் அதை யார் கண்டது? பழைய துண்டு ஒன்றை மூக்கில் கட்டிக்கொண்டு போகிறோம். வியர்வையில் நனைந்த துண்டு மருந்தை உறிஞ்சி முகத்தோடு ஒட்ட வைக்கும். அது பாதுகாப்பு ஆகாது.

இந்த விஷம் உடம்பில் என்ன செய்கிறது? ஆலைத் தொழிலாளர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். ஆலையில் சங்கு ஊதினால் வேலை தொடங்குகிறது. சங்கு ஒரு நிமிஷத்தில் நின்றுவிடும். நிற்காமல் இரவும் பகலும் ஊதிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? நம் நரம்பும் இப்படித்தான் தசைக்கும் சுரப்பிக்கும் ஒரு சங்கு ஊதுகிறது. ஊதி முடித்ததும் அதை நிறுத்த உடம்பிலேயே ஒரு நொதி இருக்கிறது. மோனோகுரோட்டோபாஸ், புரபனோபாஸ், குளோர்பைரிபாஸ் என்று பாட்டிலில் போட்டிருக்கிறதே, அந்த வகை மருந்துகள் அந்த நொதியைக் கட்டிப் போட்டுவிடும். சங்கு நிற்காது. வாயில் எச்சில் ஒழுகும். வியர்வை கொட்டும். கண்ணில் நீர் வழியும். கண்பாப்பா ஊசிமுனை போல் சுருங்கும். வாந்தி, பேதி. நெஞ்சுக்குள் நீர் கட்டிக் களகளவென்று சத்தம். நாடி குறையும். சதை துடிக்கும். கடைசியில் ஓய்ந்துபோய்த் துவண்டு விடும். அப்போது மூச்சு நிற்கும்.

அப்படி ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். நர்ஸ் முதலில் என்ன செய்வாள்? ஊசி போடுவாள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு வேலை உண்டு. ஆளை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயிலும் தொண்டையிலும் இருக்கும் நுரையைச் சளி உறிஞ்சும் குழாயால் இழுத்துவிட்டு ஆக்சிஜன் வைப்பாள். கூடவே இன்னொருத்தி கையுறை மாட்டிக்கொண்டு சட்டையை, வேட்டியைக் கத்தரித்து எடுத்துவிட்டு சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவுவாள். தலைமுடி, நகக்கண், காதுக்குப் பின்புறம், அக்குள் எல்லாம். மானம் போகிறது என்று உறவுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். துணியில் இருக்கும் விஷம் தோல் வழியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, ஐயா! துணியைக் கழற்றாமல் ஊசி போட்டால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

அப்புறம் அட்ரோபின் ஊசி. ஒரு கண்ணாடிக் குப்பியில் 0.6 மில்லிகிராம்தான் இருக்கும். முதலில் மூன்று முதல் ஐந்து குப்பி. ஐந்து நிமிஷம் கழித்துப் பார்க்க வேண்டும். நெஞ்சில் களகளச் சத்தம் அடங்கியதா? நாடி எண்பதுக்கு மேல் ஏறியதா? ரத்த அழுத்தம் நிமிர்ந்ததா? அக்குளில் கை வைத்தால் உலர்ந்திருக்கிறதா? இல்லையென்றால் முன்பு போட்டதைப் போல் இரண்டு மடங்கு. மறுபடி ஐந்து நிமிஷம். சிலருக்கு ஒரே இரவில் நூறு குப்பிக்கு மேல் உடைத்திருக்கிறோம். உடைத்து உடைத்து விரலெல்லாம் கண்ணாடிக் கீறல். டாக்டர் அளவைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போவார்; போகத்தான் வேண்டும். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டு, அக்குளைத் தொட்டுக்கொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிற்பது நர்ஸ்தான். குறைந்தால் ஆள் தன் சளியிலேயே மூழ்கிச் சாவார். கூடினாலும் ஆபத்து: காய்ச்சல் ஏறும், நாடி ஓட்டமெடுக்கும், பிதற்றுவார், கட்டிலை விட்டு எழுந்து ஓடப் பார்ப்பார். இந்தப் பிதற்றலைப் பார்த்துப் பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை கொண்டு வந்தவர்களும் உண்டு. வேப்பிலைக்காக நாங்கள் சண்டை போடவில்லை. வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டு, மருந்தின் வேகத்தைக் குறைத்தோம்.

பிராலிடாக்ஸைம் என்று இன்னொரு மருந்தும் உண்டு. அதனால் எவ்வளவு பலன் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே விவாதம் இருக்கிறது. அதை அவர்களிடம் விட்டுவிடுவோம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருந்தடித்தவருக்குத் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது, கண் மங்குகிறது என்றால் வரப்பிலேயே சட்டையைக் கழற்றுங்கள். மோட்டார் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 108-க்குப் போன் போடுங்கள். 2008-லிருந்து நம் மாநிலத்தில் ஓடுகிற வண்டி அது, காசு கேட்காது. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணியைக் கரைத்த தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள்! வாந்தி எடுக்க வைக்காதீர்கள்! அரை மயக்கத்தில் எடுக்கும் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். விஷத்திலிருந்து காப்பாற்றிச் சாணித் தண்ணீரால் செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மருந்து பாட்டிலை மறக்காமல் கொண்டு வாருங்கள். காலிப் பாட்டிலானாலும் சரி. களைக்கொல்லிகளில் பாராகுவாட் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மாற்று மருந்தே கிடையாது. ஆக்சிஜன்கூட யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். லேபிளைப் பார்த்தால்தானே தெரியும்?

மனம் உடைந்து தானாக இந்த விஷத்தைத் தேடிக்கொண்டவர்களும் எங்கள் கட்டிலுக்கு வருகிறார்கள். அவர்களிடம் “ஏன் இப்படிச் செய்தாய்” என்று கேட்கக் கூடாது என்பது நாங்கள் கற்றுக்கொண்ட பாடம். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். இங்கே யாருக்காவது அப்படி ஒரு பாரம் இருந்தால் 104-க்குப் போன் செய்து பேசுங்கள். அல்லது கூட்டம் முடிந்து என்னிடம் வாருங்கள். 2023-ம் ஆண்டுத் தொடக்கத்தில் தமிழ்நாடு சர்க்கார் மோனோகுரோட்டோபாஸ் உள்பட ஆறு பூச்சிமருந்துகளை இந்தக் காரணத்துக்காகத்தான் 60 நாள் தடை செய்தது. அறுபது நாள்! பருத்திக்கு எத்தனை மாதம் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

முதல் இரவு தாண்டிவிட்டது. ஆள் கண்ணை விழித்துவிட்டார். கஞ்சி கேட்கிறார். மனைவி வராந்தாவில் அழுகையை நிறுத்திவிட்டு ஊருக்குச் செய்தி சொல்லிவிட்டார். இரண்டாம் நாளும் நன்றாக இருக்கிறார். “சிஸ்டர், வீட்டுக்குப் போறேன், மாடு பட்டினி கிடக்கும்” என்கிறார். இங்கேதான் பெரிய கண்டம் இருக்கிறது, தோழர்களே!

1987-ல் இலங்கையில் சேனநாயக்க, கரல்லியத்த என்ற இரண்டு மருத்துவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னார்கள். அவர்களிடம் வந்தவர்களும் நம்மைப் போல் வயல்காட்டு ஜனங்கள்தான். விஷம் பட்டு ஒரு நாளிலிருந்து நான்கு நாளுக்குள், எல்லாம் தெளிந்த பிறகு, சிலருக்குத் திடீரென்று தசைகள் துவண்டு மூச்சு நிற்கிறது. நுரை இல்லை, வியர்வை இல்லை. புத்தி தெளிவாக இருக்கும். சத்தமில்லாமல் மூச்சு அடங்கும். அதற்கு முன்னால் உடம்பு ஒரு ஜாடை காட்டும். கழுத்துத் தசைதான் முதலில் தளரும். தலையைத் தலையணையிலிருந்து தூக்க முடியாது.

இதைக் கண்டுபிடிக்க மிஷின் வேண்டாம். ரத்தம் எடுக்க வேண்டாம். பக்கத்தில் போய், “அண்ணே, தலையைத் தூக்குங்க. தலகாணியை விட்டுத் தூக்குங்க. அப்படியே புடிங்க” என்று கேட்க வேண்டும். சில மணிக்கு ஒரு தடவை. பகலிலும், இரவிலும். தூக்கினால் நல்லது. தூக்க முடியவில்லை என்றால் அந்த நிமிஷமே டாக்டரைக் கூப்பிட்டு, மூச்சுக்குழாய் போடும் தட்டை எடுத்து வைக்க வேண்டும்.

நான் ஒரு தடவை கேட்கவில்லை.

எந்த ஆஸ்பத்திரி, எந்த வருஷம் என்பது வேண்டாம். பதினோரு கட்டில், இரண்டு நர்ஸ். இரவு ஷிப்ட். எட்டாம் கட்டிலில் ஒரு பிரசவக்காரிக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ரத்தப் பாட்டில் மாற்றுவதும், அழுத்திப் பிடிப்பதும், ஓடுவதுமாக நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம். மூன்றாம் கட்டிலில் பருத்திக்கு மருந்தடித்த ஒருவர். நாற்பது வயதிருக்கும். மூன்றாம் நாள். சாயங்காலம் என்னிடம் வெற்றிலை கேட்டவர். நாலு மணிக்கு அவரைப் பார்த்திருக்க வேண்டும். நான் ஐந்தே முக்காலுக்குப் பார்த்தேன். போர்வை கலையாமல் படுத்திருந்தார். உதடு நீலமாக இருந்தது.

அந்தப் பிரசவக்காரி பிழைத்தாள். அவளுடைய பிள்ளை இப்போது காலேஜில் படிப்பதாகச் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த இடத்தில் எல்லாம் புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாளே இந்தக் கேள்வியைத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஷிப்ட் மாறும்போது, ஒருத்தி இன்னொருத்தியிடம் நோயாளியை ஒப்படைக்கும்போது, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவரையே தலையைத் தூக்கச் சொல்லிக் காட்டி ஒப்படைக்க வேண்டும். நோட்டில் எழுதினால் போதாது. இப்படிப் பழக்கிய ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, ஒரு விடியற்காலை ஓடி வந்தாள். “அக்கா, நேத்துத் தூக்கினவரு இன்னைக்குத் தூக்க மாட்டேங்கிறாரு.” பத்து நிமிஷத்தில் குழாய் போட்டோம். பன்னிரண்டு நாள் வெண்டிலேட்டரில் இருந்தார். நடந்தே வீட்டுக்குப் போனார்.

நீங்களும் வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம். பார்க்க உள்ளே விடும்போது நீங்களே கேளுங்கள். நாலு நாளைக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போகிறேன் என்று அடம் பிடித்தால் மாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி பாருங்கள்.

வெண்டிலேட்டர் என்றதும் ஜனங்களுக்கு ஒரு பயம். அதில் போட்டால் பிழைக்க மாட்டார்கள் என்கிறார்கள். அது எப்படிப் பிறந்தது என்று சொல்கிறேன். 1952-ம் ஆண்டு. டென்மார்க் தேசத்தின் தலைநகரம் கோபன்ஹேகன். இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவியது. மூச்சுத் தசை விழுந்துபோன பிள்ளைகள் வரிசையாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அங்கே இருந்த இரும்பு மூச்சுப்பெட்டி ஒன்றே ஒன்று. சின்னக் கருவிகள் ஆறு. முதலில் வந்த 31 பேரில் 27 பேர் மூன்று வாரத்துக்குள் இறந்தார்கள். அப்போது இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர், சாகக் கிடந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கச் செய்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு ஊட்டினார். சிறுமி பிழைத்தாள். ஆனால் பையை யார் விடாமல் அழுத்துவது? மருத்துவக் கல்லூரி மாணவர்களை அழைத்தார்கள். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் ஷிப்ட் போட்டு, மாதக்கணக்கில், இரவும் பகலும் கையால் பையை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். நர்ஸுகள் பக்கத்தில் நின்று சளி எடுத்தார்கள், புரட்டிப் படுக்க வைத்தார்கள். நூற்றுக்கு 87 பேர் செத்த இடத்தில் சாவு நூற்றுக்கு 25 அளவுக்கு இறங்கியது. இன்று உலகம் முழுவதும் இருக்கும் ஐ.சி.யூ.க்களுக்கு ஆதி அந்த வார்டுதான். முதலில் வந்தது மனிதக் கை. மிஷின் பின்னால் வந்தது.

அந்தப் பையைத் திருத்தி, தானே விரிந்துகொள்ளும் அம்பு பையை அதே டென்மார்க்கில் 1956-ல் கொண்டுவந்தார்கள். அந்த 1956 நவம்பர் 23 விடியற்காலையில்தான் இங்கே அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140 பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமா செய்தார். அதுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

வெண்டிலேட்டரில் ஒருவர் இருக்கிறார் என்றால் நர்ஸுக்கு என்ன வேலை? மிஷின் காற்றைத் தள்ளும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். குழாய் நகர்ந்துவிட்டதா, சளி அடைத்ததா என்று அதற்குத் தெரியாது. கத்த மட்டும் தெரியும். அது கத்தினால் நர்ஸ் முதலில் மிஷினைப் பார்க்கக் கூடாது, ஆளைப் பார்க்க வேண்டும். நெஞ்சு இரண்டு பக்கமும் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றும் புரியவில்லையா? மிஷினைக் கழற்றிவிட்டு அம்பு பையை எடுத்து அழுத்து! கரண்டு போனாலும் அதுதான். கட்டிலின் தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தி வைக்க வேண்டும். தட்டையாகப் படுத்தால் வயிற்றில் உள்ளது நெஞ்சுக்குப் போய் நிமோனியா வரும். வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். இல்லையென்றால் முதுகில் புண் வந்து எலும்பு தெரியும். மணிக்கு ஒரு தடவை மூத்திரத்தை அளந்து எழுத வேண்டும். அது குறைவது, ரத்த ஓட்டம் சரியில்லை என்று உடம்பு முன்கூட்டி அனுப்பும் தந்தி. இமைக்க முடியாத கண் காய்ந்து போகும். அதற்குக் களிம்பு போட்டு மூட வேண்டும். ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குப் போகும்போது கை கழுவ வேண்டும். ஒவ்வொரு தடவையும்! இந்தக் கை கழுவலை யாரும் படம் பிடிப்பதில்லை. எந்த விலை உயர்ந்த ஊசிக்கும் இது குறைந்தது இல்லை.

இன்னொன்று. கழுத்துத் தசை விழுந்து வெண்டிலேட்டரில் கிடக்கிறவருக்குக் காது கேட்கும். புத்தி வேலை செய்யும். சிலரால் விரலைக்கூட அசைக்க முடியாது. அவர் தலைமாட்டில் நின்று “இது தேறாது” என்று யாராவது பேசினால் அதையும் கேட்டுக்கொண்டுதான் கிடப்பார். அதனால் தொடுவதற்கு முன்னால், “அண்ணே, புரட்டப் போறோம். ஊசி போடப் போறேன், கொஞ்சம் வலிக்கும். உங்க பொண்ணு வெளியில இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தொட வேண்டும். பிழைத்து எழுந்த ஒருவர் என் குரலை வைத்தே என்னை அடையாளம் கண்டார். முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

பாம்புக் கடிக்கும் இப்படித்தான். கட்டுவிரியன் கடித்தால் வலியே இருக்காது. இமை தொங்கும், பிறகு மூச்சு நிற்கும். இமையைப் பார்ப்பது நர்ஸின் கண். கண்ணாடிக்குழாயில் ரத்தத்தை ஊற்றி இருபது நிமிஷம் ஆட்டாமல் வைத்து, உறைந்ததா என்று சாய்த்துப் பார்ப்பதும் அவள்தான். உறையவில்லை என்றால் விரியன் விஷம் வேலை செய்கிறது. லாரியில் அடிபட்டுத் தலையில் காயம் என்றால் வேறு கணக்கு. கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி கையைத் தூக்குகிறாரா என்று பார்த்து 3-லிருந்து 15-க்குள் மார்க் போடுவார்கள். 1974-ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் வகுத்த அளவு. ஒரு தடவை போட்டால் பிரயோஜனமில்லை. திரும்பத் திரும்பப் போட்டு, பதினாலு பன்னிரண்டாக இறங்குகிறதே என்று பதறுகிற ஆள் வேண்டும். சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர வைத்தியம் இலவசம் என்று 2021 டிசம்பரில் சர்க்கார் திட்டம் கொண்டுவந்தது. நல்ல காரியம், வரவேற்கிறோம். அந்த 48 மணி நேரமும் கட்டிலருகே யார் நிற்பது என்பதுதான் என் கேள்வி.

இதுவரை நான் சொன்னதை எல்லாம் கூட்டிப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அக்குளைத் தொட வேண்டும். மணிக்கு ஒரு தடவை அளக்க வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும்; ஒருத்தியால் புரட்ட முடியாது, இருவர் வேண்டும். ஒருத்தி எத்தனை கட்டில் பார்க்க முடியும்? இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு, தீவிர சிகிச்சையில் கட்டிலுக்கு ஒரு நர்ஸ். பத்துக் கட்டில் என்றால் மூன்று ஷிப்டுக்கு முப்பது பேர். விடுப்புக்கு நூற்றுக்கு முப்பது சேர்த்தால் ஏறத்தாழ நாற்பது பேர். அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். தமிழ்நாட்டில் அன்றைக்குத் திறந்த 11 கல்லூரிகளில் அது ஒன்று. பெரம்பலூர் அந்தப் பட்டியலில் இல்லை. கட்டடம் வந்தால் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. நாற்பது நர்ஸுக்குக் கல்வெட்டு கிடையாது!

சர்க்கார் நர்ஸுகளை எப்படி நடத்தியது? 2015-ல் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். இரண்டு வருஷம் ஆயிற்று, நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்தார்கள் அந்தப் பெண்கள். எந்த 2017? இங்கே பருத்திக்காட்டில் நம் ஆட்கள் மயங்கி விழுந்த அதே 2017. உங்கள் கூலிக்காரர் மூச்சைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய கை, மாதம் 7,700 ரூபாய்க்கு நியாயம் கேட்டுத் தெருவில் நின்றது. பிறகு கொரோனா வந்தது. மூச்சு முட்டியவர்களைக் குப்புறப் படுக்க வைக்க ஓர் ஆளுக்கு நாலைந்து பேர் வேண்டும். கவச உடைக்குள் வெந்துகொண்டு அதைச் செய்தவர்களில் ஒப்பந்த நர்ஸுகள் எத்தனையோ பேர். கை தட்டினார்கள், பூப்போட்டார்கள். 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த ஒப்பந்த நர்ஸுகளைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

தனியார் ஆஸ்பத்திரி நர்ஸின் கதை இன்னும் மோசம். சுப்ரீம் கோர்ட்டு சொல்லி அமைந்த கமிட்டி 2016-லேயே, ஐம்பது கட்டிலுக்குக் குறைந்த ஆஸ்பத்திரியானாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடு என்று சிபாரிசு செய்தது. கேரளத்து நர்ஸுகள் சங்கம் கட்டிப் போராடி 2018-ல் அதை உத்தரவாகவே வாங்கினார்கள். இங்கே? உங்கள் சொந்தக்காரப் பெண் எங்காவது நர்ஸாக இருந்தால் அவளிடம் சம்பளம் என்ன என்று கேளுங்கள். கூச்சத்தில் உண்மையைச் சொல்ல மாட்டாள்.

ஆகவே தோழர்களே, உங்கள் கோரிக்கைப் பட்டியலில் கூலிக்கும் போனஸுக்கும் பக்கத்தில் இன்னொரு வரி எழுதுங்கள். நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு ஷிப்டிலும், ஐ.சி.யூ.வில் எத்தனை கட்டில், எத்தனை நர்ஸ்? இதை ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டச் சொல்லிக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு மனுப் போட்டால் பதில் சொல்லியாக வேண்டும். கேட்கும்போது அங்கே நிற்கிற நர்ஸை அதட்டாதீர்கள். அவள் நியமனம் செய்கிறவள் அல்ல. உங்களைப் போல் ஷிப்டுக்கு வந்தவள்.

பேச்சு போதும். ஓர் அம்பு பை கொண்டு வந்திருக்கிறேன். அதோ, அந்தப் பெஞ்சில் தலையணையும் ஒரு ரப்பர் பொம்மையும் வைத்திருக்கிறது. முகத்தில் மூடியை இடது கையால் இறுக்கிப் பிடித்து, தாடையை மேலே தூக்கி, ஆறு விநாடிக்கு ஒரு தடவை பையை அழுத்த வேண்டும். நெஞ்சு ஏறுகிறதா என்று பாருங்கள். கை வலிக்கும், அது தெரியட்டும். நாடியே இல்லாதவருக்கு நெஞ்சை எப்படி அழுத்துவது, நிமிஷத்துக்கு நூறுக்குக் குறையாமல், என்பதையும் காட்டுகிறேன். நாளைக்கு மருந்தடிக்கப் போகிறவர்களும், அவர்களோடு வரப்பில் நிற்கப் போகிறவர்களும் முதலில் வாருங்கள். கைக்குழந்தைத் தாய்மார்கள் குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்கள். எண்ணிக்கையை நான் சொல்கிறேன்.